வியாழக்கிழமை மட்டும் ஓடாத ஜாவா

செத்துப்போன ஆறுமுகநயினாருடைய ஜாவா மோட்டார் சைக்கிள், அவர் உயிரோடிருந்தபோது போன இடங்களுக்கு மட்டும்தான் போகும், வேறெங்கே திருப்பினாலும் திரும்பாது என்பது தெரியவந்தபோது, ஆத்தியப்பபுரத்துக்காரர்கள் முதலில் கேட்டது அது காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதைத்தான். ஏன் அப்படிப் போகிறது என்று கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். அவர்களுக்கும் மெக்கானிக் அருளப்பன் பதில் வைத்திருந்தார். கொம்பையா டைனமோவுக்குக் காயில் சுற்றும்போது அழுதுகொண்டே சுற்றினார், அதில் சுற்று எங்கேயோ மாறிப்போய்விட்டது என்றார். கேட்டவர்கள் சரிதான் என்று தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

கொம்பையாவுக்கு அறுபத்தேழு வயது. பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டிக் கொடுக்கிற கடை வைத்திருந்தார். நயினார் பத்திரம் எழுதுகிறவர். பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேஜை போட்டு நாற்பது வருஷம் எழுதியவர், மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லாதவர். அவர் எழுதினால் அதில் ஒரு கமா தப்பாது, அவர் சொன்னால் அதற்கு மறுசொல் கிடையாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பக்கவாதம் வந்து, வாய் கோணி, பேச்சு போய், நயினார் எட்டு மாதம் கிடந்தபோது கொம்பையாதான் கடையைப் பூட்டிவிட்டுப் போய்க் குளிப்பாட்டினார், துடைத்தார், கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிவிட்டு வழிந்ததைத் தன் துண்டால் ஒற்றியெடுத்தார். நயினார் ஏதோ சொல்ல வாயைத் திறப்பார், சத்தம் மட்டும் வரும், கண்ணில் தண்ணீர் நிற்கும். "விடும் வே, எனக்குத் தெரியாததா" என்பார் கொம்பையா. தெரியாதது எவ்வளவு என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

நயினார் நன்றாக இருந்த காலத்திலேயே தன் உயிலைத் தானே எழுதி வைத்திருந்தார். வீடு தம்பி மக்களுக்கு. ஜாவா மோட்டார் சைக்கிளும் அதன் சாவியும் அது சம்பந்தப்பட்ட சகல பாத்தியதைகளும் என் உயிர் நண்பர் கொம்பையா அவர்களைச் சேரவேண்டியது. தம்பி மகன் இதை வாசித்தபோது கொம்பையா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

வண்டி அப்போது வண்டியாக இல்லை. நயினார் படுத்துக் கிடந்த காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்து, அது மூன்று நாள் தண்ணீருக்குள் நின்று, வற்றிய பிறகு கழுத்துவரை சேற்றில் புதைந்து கிடந்தது. சைலன்சர் இரண்டிலும் களிமண் அடைத்திருந்தது. பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. கருஞ்சிவப்புப் பெயின்ட் பாளம் பாளமாக உரிந்து வந்தது. காயலான் கடைக்குப் போடலாம் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கொம்பையா கேட்கவில்லை. அருளப்பனைக் கூப்பிட்டு எஞ்சினை இறக்கச் சொன்னார், தூத்துக்குடிக்கு அனுப்பி சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து வாங்கினார், ஸ்போக்கு கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தார், டாங்கில் பழைய நிறத்தையே அடித்தார். டைனமோவை மட்டும் அருளப்பனைத் தொடவிடவில்லை. அறுபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குச் செய்கிற கடைசி வேலை என்று சொல்லிக்கொண்டு, செம்புக் கம்பியைத் தன் கையாலேயே சுற்றினார். நாற்பது நாள் ஆயிற்று.

முதல் நாள் திங்கட்கிழமை. உதைத்ததும் வண்டி பிடித்துக்கொண்டது. ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போய் நயினாரிடம் காட்டவேண்டும் என்றுதான் அவர் ஏறினார். வண்டி வலப்பக்கம் போகாமல் இடப்பக்கம் திரும்பி, கடைத்தெரு வழியாகப் போய், பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்று தானாக அணைந்தது. மத்தியானம் ஒன்றரை மணிவரை எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. ஒன்றரைக்கு நயினார் சாப்பிடப் போகிற வழக்கம். ஒன்றரைக்குக் கிளம்பியது.

இரண்டு வாரத்தில் ஊர் அதைப் பழகிக்கொண்டது. திங்களும் புதனும் பதிவாளர் அலுவலகம் போகும் என்பதால் பத்திரக் காரியம் இருக்கிறவர்கள் பைக்கட்டோடு தெருமுக்கில் வந்து நின்று பின்னால் ஏறிக்கொண்டார்கள். செவ்வாய் சந்தைக்குப் போகும் என்பதால் கத்தரிக்காய்ப் பெட்டிகள் ஏறின. வெள்ளி சிவன் கோயில். சனி முடிதிருத்தும் கடை, அங்கே சரியாக முக்கால் மணி நேரம் நிற்கும், அதனால் கொம்பையாவின் தலையில் வெட்டுவதற்கு முடி இல்லாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் கடை வாசலில் போய் நின்று, அரைக்கிலோ வாங்காமல் நகரமாட்டேன் என்றது. கொம்பையா பிறந்ததிலிருந்து கறி தின்னாதவர், வாங்கி எதிர்வீட்டுக்குக் கொடுத்தார், எதிர்வீட்டுக்காரர்கள் நயினாருக்கு நல்ல கதி கிடைக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு குழம்பு வைத்தார்கள். புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் மறித்து லைசென்ஸ் கேட்டபோது, "ஓட்டுறது நான் இல்ல சார், நயினார்" என்றார் கொம்பையா. போலீஸ்காரர் பக்கத்து டீக்கடையில் விசாரித்தார், கொஞ்ச நேரம் யோசித்தார், நயினாருடைய லைசென்ஸைக் கொண்டுவரச் சொன்னார். அதில் இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. சரி, போகலாம் என்றார்.

வியாழக்கிழமை மட்டும் வண்டி ஓடவில்லை.

ஓடவில்லை என்றால் ஓடவிடவில்லை. ஒவ்வொரு புதன்கிழமை சாயங்காலமும் அருளப்பன் வந்து, "பிளக்குல கரி அடைச்சிருக்கு அண்ணாச்சி, கிளீன் பண்ணிக் கொண்டாரேன்" என்று பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். வெள்ளிக்கிழமை காலையில்தான் திரும்பி வரும். கொம்பையாவும் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. வியாழக்கிழமை எங்கே போகும் என்பதுதான் அவருக்குத் தெரியுமே. குரு பகவானுக்கு உகந்த நாள் என்று நயினார் வியாழன் தவறாமல் ஆழ்வார்திருநகரிக்குப் போய்வருவார். பத்து மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். வரும்போது கொம்பையாவுக்கு ஒரு பொட்டலம் துளசி கொண்டுவருவார். கொம்பையா அதைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வார். பதினான்கு வருஷமாக அப்படித்தான்.

பதினான்கு வருஷம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கொம்பையாவுக்கு ஒரே மகள், வடிவு. தாயில்லாமல் வளர்த்த பிள்ளை, நயினாரைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். உப்பளத்திலிருந்து ரிப்பேர் மோட்டார்களை லாரியில் கொண்டுவருகிற மிக்கேல் என்கிற பையனோடு அவள் ஒருநாள் போய்விட்டாள். தூத்துக்குடியில் மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது என்று சேதி வந்த அன்று கொம்பையா ஆற்றுக்குப் போய் மகளைத் தலைமுழுகினார். அந்தப் பக்கத்தில் அதற்கு முறை உண்டு. மூன்று முறை முங்கி எழுந்துவிட்டால் அந்தப் பிள்ளை செத்தது மாதிரி. முழுகியவர் முன்னால் அந்தப் பெயரை யாரும் எடுக்கக்கூடாது, எடுத்தால் அது அவரைச் செருப்பால் அடித்ததற்குச் சமம். பிள்ளையாக வந்து வாசலில் நின்றால்தான் உண்டு, முழுகியவர் தேடிப் போகவும் கூடாது. நயினாரும் அன்றைக்குப் பக்கத்தில் நின்று முழுகினார். "உம்ம பிள்ள எம்பிள்ள இல்லியா வே, எனக்கும் சேத்துத்தான்" என்றார். ஊரும் முறையை மதித்தது. வடிவு ஸ்டோர்ஸ் என்ற பலசரக்குக் கடைக்காரர் மறுவாரமே போர்டை அழித்து முருகன் ஸ்டோர்ஸ் என்று எழுதினார். வடிவு என்ற பெயருள்ள பள்ளிக்கூடத்து டீச்சர் அன்றிலிருந்து வெறும் டீச்சர் ஆனாள்.

வீம்பு இரண்டு வருஷம்தான் தாங்கியது. மூன்றாவது தீபாவளிக்கு முந்தின நாள் கொம்பையா கதவைச் சாத்திக்கொண்டு நயினாரிடம் சொன்னார், "அந்தப் பிள்ளைய வந்து நிக்கச் சொல்லும் வே. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." நயினார் அவர் தோளைத் தட்டி, கோர்ட்டு வேலையாகத் தூத்துக்குடி போகும்போது ஆள் விட்டுக் கேட்கிறேன் என்றார். மூன்று நாள் கழித்து வந்தார். "எங்கப்பா ஆத்துல முழுகிச் செத்துட்டாரு, செத்தவரு எப்படிக் கூப்பிடுவாருன்னு கேட்டாளாம் வே. மனச விட்டுரும்" என்றார். அடுத்த வருஷமும் கொம்பையா கேட்டனுப்பினார். அதற்கடுத்த வருஷமும். பதில் மாறவில்லை. மகள் தன்னை வெறுக்கிறாள் என்பதை கொம்பையா மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டார், ஒரு தடவை கூட அவர் நயினாரைத் தவிர வேறு யாரையும் நம்பி இதைச் சொல்லவில்லை.

ஐந்தாவது வியாழக்கிழமை காலையில் கடைக்கு ஒரு மோட்டார் வந்தது. அதற்கு முந்தைய வியாழக்கிழமைகளிலும் இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்றாக மோட்டார்கள் வந்து குவிந்தன, நிமிர நேரமில்லாமல் இருந்தது, அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தார். இந்த மோட்டாரைத் திறந்து பார்த்தால் காயில் புத்தம்புதிதாக இருந்தது. அவரே போன மாதம் கட்டியது. ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கிணற்றிலிருந்து கழற்றித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நேரத்தில் எவனும் அப்படிச் செய்யமாட்டான். கொம்பையா கொண்டுவந்தவன் முகத்தைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான்.

அவர் நேராக அருளப்பன் கடைக்குப் போனார்.

"பிளக்க எடு."

"அண்ணாச்சி, அது இன்னும்..."

"அருளப்பா, வியாழக்கெழம வண்டி எங்க போவுது?"

அருளப்பன் கையைக் கழிவுத்துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "கேக்காதீங்க அண்ணாச்சி. அந்தப் பேர நாங்க உங்க முன்னால எடுக்கக் கூடாது."

ஊரில் எடுக்கக்கூடாத பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கொம்பையா டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். "எத்தன வருஷமா?"

"மொதல்லருந்தே. எல்லாருக்கும் தெரியும். அவியளாவது போய்ப் பாக்காவளேன்னு எங்களுக்குச் சந்தோஷந்தான். உங்ககிட்ட எப்படிச் சொல்ல? நீங்க முழுகிட்டிய."

பதினான்கு வருஷத்தில் எழுநூறு வியாழக்கிழமை. எழுநூறு வியாழக்கிழமையும் இந்த ஊர் முழுக்க அந்த வண்டி போவதைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் தன்னோடு டீக் குடித்திருக்கிறது. அவருடைய மரியாதையைக் காப்பாற்றுகிறோம் என்று மூட்டை மூட்டையாக மௌனத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. முழுகின தண்ணீரின் ஈரம் காயுமுன்னே நயினார் கொம்பையாவின் மகள் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். நினைக்க நினைக்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை நீட்டினார். அருளப்பன் பிளக்கைக் கொடுத்தார்.

வண்டி கிளம்பியபோது பத்து மணி. கடைத்தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள், பார்க்கவில்லை, அவரவர் காலையே பார்த்தார்கள். டீக்கடை செய்யது மட்டும் வெளியே ஓடிவந்து, "அண்ணாச்சி, கோவப்பட்டு ஒண்ணும் பேசிராதீங்க" என்று கத்தினார். வண்டி ஆழ்வார்திருநகரியை அடைந்து, கோபுரத்தைத் திரும்பியும் பார்க்காமல் தாண்டிப் போயிற்று. வாழைத் தோட்டங்கள் முடிந்து, பனைகள் முடிந்து, உடைமரங்களும் முடிந்து, வெள்ளை வெளேரென்று உப்பளம் வந்தது. பள்ளங்களை எல்லாம் வண்டி முன்கூட்டியே அறிந்து ஒதுங்கிப் போனதைப் பார்க்கையில், அது எத்தனை தரம் இந்தப் பாதையில் போயிருக்கிறது என்பது கொம்பையாவுக்கு ஒவ்வொரு பள்ளத்திலும் புரிந்தது. அவர் வசவு வசவாகத் திட்டினார். செத்தவனைத் திட்டினால் பதில் வருவதில்லை, அதனால் திட்டு குறையவும் இல்லை.

ஓட்டு வீடு ஒன்றின் இரும்புக் கேட்டுக்கு முன்னால் வண்டி நின்று அணைந்தது. சுற்றுச்சுவர் ஓரமாகப் பெயின்ட் டப்பாவில் துளசி செழிப்பாக நின்றது. அவர் பதினான்கு வருஷம் பிரசாதம் என்று தின்ற துளசி.

ஜாவாவின் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பெண் கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். செத்தவர் வண்டி எப்படி வரும் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை, கால் முதலில் வந்துவிட்டது. காதோரம் நரை. அவருடைய வடிவு. வாசற்படியில் அவரைப் பார்த்தாள். பார்த்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பாக்காதீங்கப்பா! என் மூஞ்சியப் பாக்காதீங்க!" என்று அலறிக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

கொம்பையா கதவுக்கு வெளியே நின்றார். வெறுப்பை எதிர்பார்த்து வந்திருந்தார். இது வெறுப்பு இல்லை, பயம்.

"என்னட்டி இது? கதவத் தொற."

"போயிருங்கப்பா. உங்களுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது."

"எனக்கு என்ன ஆவும்?"

"என் மூஞ்சில முழிச்சா அன்னைக்கே தூக்குல தொங்கிருவேன்னு சொன்னியல்லா."

"யாரு சொன்னா?"

"நீங்கதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் வரட்டுமான்னு கேட்டனுப்புனேன். பெரியப்பாதான் வந்து சொன்னாவ. கயித்த எடுத்து வச்சிருக்கான், நீ வந்துராதே தாயி, எனக்கு இருக்கது ஒரே கூட்டாளின்னு சொல்லி அழுதாவ."

கொம்பையா கதவைப் பிடித்துக்கொண்டார். ஒரே தீபாவளிக்கு இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். நடுவில் உட்கார்ந்து ஒருவன் இரண்டு பதிலையும் எழுதியிருக்கிறான். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. பிள்ளை இல்லாதவனுக்கு ஒரு பிள்ளை வேண்டியிருந்தது, அவ்வளவுதான் விஷயம். நிலத்தை எழுதி வாங்குகிறவர்களுக்கு நாற்பது வருஷம் எழுதிக் கொடுத்தவன் தனக்கென்று எழுதி வாங்கிக்கொண்டது கொம்பையாவின் மகளை. அந்த வாயிலா எட்டு மாதம் கஞ்சி ஊற்றினேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"நான் உன்ன வரச் சொல்லித்தான் அவன அனுப்புனேன். வருஷா வருஷம் அனுப்புனேன். நீதான் அப்பா செத்துட்டாருன்னு சொல்லிவிட்டேன்னு வந்து சொன்னான்."

உள்ளேயிருந்து நிதானமாக வந்தது குரல். "பெரியப்பா பொய் சொல்ல மாட்டாவ."

"அப்ப நான் பொய் சொல்லுதேனா?"

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப மூணு நாள் இங்கயே கெடந்தாவ. இந்த வீட்டுக்கு ஓடு போட்டது அவிய. நீங்க ஆத்துல முழுகுனது பொய்யா, சொல்லுங்க."

கொம்பையா முழுகியது உண்மை. மூன்று முறை முழுகினார், மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினார். நயினார் எழுதிய பொய் அத்தனையும் அந்த ஒரு உண்மையின்மேல்தான் நின்றது. சாட்சி சொல்லவேண்டியவன் சாம்பலாகிவிட்டான். உலகத்தில் நயினாரைப் பொய்யன் என்று சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார், அவரை நம்ப ஒரு ஆளும் இல்லை.

உப்பளத்திலிருந்து மிக்கேல் சைக்கிளில் வந்து இறங்கினார். தலை முழுக்க ஒரே அளவில் ஒரு விரற்கடை முடி முளைத்திருந்தது. மொட்டை போட்டு இரண்டரை மாதமான தலை. யாருக்கு என்று கொம்பையா கேட்கவில்லை. தனக்குச் செய்யவேண்டியதை மருமகன் நயினாருக்குச் செய்துவிட்டிருக்கிறார். மிக்கேல் வண்டியைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், சைக்கிளை மெதுவாக ஸ்டாண்ட் போட்டார்.

"வடிவு, கதவத் தொற. வெயில்ல நிக்காவ."

"அவியளுக்கு ஏதாவது ஆயிட்டுன்னா?"

"உன்னப் பாத்துட்டாவல்லா? பாத்தும் நல்லாத்தான் நிக்காவ."

தாழ்ப்பாள் விலகியது. அவள் தலையைக் குனிந்தபடி ஒதுங்கி நின்றாள். உள்ளே சுவரில் மாலை போட்ட படத்தில் நயினார் சிரித்துக்கொண்டிருந்தார். கொம்பையா அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பேச இருந்ததெல்லாம் நயினாரைப் பற்றியது, ஆளுக்கொரு நயினார் இருந்தார். வடிவு அவரை நிமிர்ந்து பார்க்காமலே பார்த்தாள், மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். வியாழக்கிழமை மத்தியானம் அந்த வீட்டில் சொதி. நயினார் செத்த பிறகும் அவளால் அதை மாற்றமுடியவில்லை. தேங்காய்ப்பால் சொதியும் உருளைக்கிழங்குப் பொரியலும் இஞ்சிப் பச்சடியும் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

எழுந்து போய்விடலாமா என்று கொம்பையாவுக்கு இருந்தது. எழுந்தால் அந்த வண்டியில்தான் போகவேண்டும். சாப்பிட்டார். ஆத்திரத்தோடு பெரிய பெரிய கவளமாக உருட்டி வாயில் போட்டார். நாலாவது கவளத்தில் கை நின்றது.

"உப்பே இல்ல" என்றார்.

வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் உப்பு குவிந்து கிடந்தது. வடிவு திடுக்கிட்டுத் தட்டைப் பார்த்தாள். "பெரியப்பாவுக்குப் பிரஷர். இந்த வீட்டுல எல்லாத்துலயும் அரை உப்புத்தான்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்பது உறைத்தது. ஓடிப்போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்தாள், மூடியைத் திறந்தாள், கரண்டியில் அள்ளினாள், தட்டுக்கு மேலே கொண்டுவந்தாள். அங்கேயே கை நின்றுவிட்டது. பத்து வயதிலிருந்து வீட்டைவிட்டுப் போகிற நாள் வரை இந்த அப்பாவுக்குச் சமைத்துப் போட்ட பிள்ளை.

"உங்களுக்கு எவ்வளவுப்பா போடணும்?" என்று கேட்டாள்.